டியூட்டைப் பாடமாக்கினால் உயிரியல் வருமா?



அவதானம், கருதுகோள், பரிசோதனை, முடிவு. உயர்தர உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் விஞ்ஞான முறையை வரிசை மாறாமல் ஒப்புவிப்பார்கள். "நீங்களே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்" என்றால் முழிக்கிறார்கள்.

இதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே, பேராதனையில் இருக்கிறது. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. அது எப்படிப் பரவுகிறது என்று ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் பேராதனைக்கு வந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்தார். காற்றில் வந்த பங்கசு வித்திகள் அவற்றில் ஒட்டின. வித்தி முளைத்து இலைவாய் வழியே உள்ளே நுழைவதையும் காட்டினார். கோப்பி தப்பவில்லை, மலைநாடு தேயிலைக்கு மாறியது. ஆனால் நோய் பரவும் வழி தெரிந்தது. அதற்குப் பெரிய செலவும் தேவைப்படவில்லை.

உயிரின் இரசாயனமும் இப்படித்தான். மரவள்ளிக் கிழங்குத் துண்டில் ஒரு துளி அயடின் விட்டால் கருநீலமாகும். அதில் மாப்பொருள் உண்டு. வெள்ளரிக்காயில் விட்டால் அப்படி மாறாது. ஏன் என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். டியூட்டில் அது வராது.

பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் "எத்தனை பேருக்கு மூன்று ஏ?" என்பதோடு, "இந்தத் தவணை ஆய்வுகூடம் எத்தனை நாள் திறந்தது?" என்றும் கேளுங்கள். பழைய மாணவர்களே, நுழைவாயிலுக்கு வர்ணம் பூசுமுன் நுணுக்குக்காட்டிகளைப் பாருங்கள். மிச்சத்தை ஆசிரியர்கள் நாம் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.