விக்கமுக்கே விருந்து வைத்தார்கள்

திண்டுக்கல்லில் ஆங்கில இலக்கியம் படிக்கும் தங்கை ஒருத்தி போன வாரம் வந்திருந்தாள். "அக்கா, 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நடத்தும்போது, இந்த கிளாஸ்ங்கிறது நம்ம சாதி மாதிரியான்னு கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான்னு முடிச்சிட்டாங்க."

அந்தக் 'கிட்டத்தட்ட'வைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஜேன் ஆஸ்டினின் இந்த நாவல் 1813இல் வந்தது. பெரும் பண்ணைக்குச் சொந்தக்காரன் டார்சி. வசதி குறைந்த வீட்டு எலிசபெத்தை அவன் கட்டக்கூடாது என்று அவனுடைய அம்மாவின் சகோதரி வண்டி கட்டிக்கொண்டு வந்து மிரட்டுகிறாள். அவர் கனவான், நான் கனவானின் மகள், எங்களுக்குள் என்ன ஏற்றத்தாழ்வு என்று திருப்பிக் கேட்கிறாள் எலிசபெத். இந்த இடத்தில் கைதட்டாத மாணவி கிடையாது. நானும் தட்டியவள்தான். ஆனால் அவள் வேலியை உடைக்கவில்லை தோழர்களே. நானும் வேலிக்கு உள்ளேதான் நிற்கிறேன் என்கிறாள். அவள் வீட்டுச் சமையல்காரியின் மகளுக்கு அந்த வாதம் உதவாது.

நம் மாவட்டத்துப் பழனியைச் சேர்ந்த கௌசல்யாவும் குமரலிங்கம் சங்கரும் ஒரே பொறியியல் கல்லூரி. வர்க்கம் மட்டும்தான் சிக்கல் என்றால் அந்தப் படிப்பே சங்கரை வேலிக்குள் கொண்டுவந்திருக்கும். 2015 ஜூலையில் திருமணம். 2016 மார்ச் 13 அன்று உடுமலையில், பட்டப்பகலில், சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவுக்கும் வெட்டு. சங்கர் பட்டியல் சாதி. 2017இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

இப்போது விக்கமுக்கு வருவோம். டார்சி வீட்டுப் பண்ணை மேலாளரின் மகன். முப்பதாயிரம் பவுண்டு சொத்துக்காக டார்சியின் பதினைந்து வயதுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தவன். பிறகு எலிசபெத்தின் தங்கை லிடியாவோடு ஓடுகிறான். இங்கே மேடை போட்டு 'நாடகக் காதல்' என்று கத்துகிறார்களே, அதற்கு இலக்கணம் இவன்தான். இவனை என்ன செய்தார்கள்? ஆயிரம் பவுண்டுக்கு மேலான கடனை அடைத்து, ராணுவத்தில் பதவி வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்தார்கள். வாசலில் சேர்க்க மாட்டேன் என்ற லிடியாவின் அப்பாவே கடைசியில் இறங்கி வந்தார். மாமியாருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மேலாளர் மகன்கள் எல்லோருமே இப்படித்தான் என்று யாரும் ஊர்வலம் போகவில்லை. பழி விக்கம் என்ற தனி ஆளோடு நின்றது. நம் பையன்களுக்கு அந்தச் சலுகைகூட இல்லை. ஒருவன் ஜீன்ஸ் போட்டால் சேரி முழுக்கக் குற்றவாளி.

1936இல் அம்பேத்கர் சாதி ஒழிப்புக்குக் கலப்புமணத்தை மருந்தாகச் சொன்னார். சாதியைப் புனிதமாக்கும் சாத்திர நம்பிக்கையைத் தகர்க்காமல் அது நடக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார். நாமோ புரட்சி முழுவதையும் இரண்டு காதலர்களின் தோளில் ஏற்றிவிட்டு ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருக்கிறோம். சாதி கடந்து மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பிரிவு எங்கே இயங்குகிறது என்று நாளைக்கே கலெக்டர் ஆபீசில் போய்க் கேளுங்கள். எண்ணை வாங்கி உங்கள் விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். தர மறுத்தால் மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்காமல் வராதீர்கள்.