பித்தநாளக் கல்லுக்கு மயக்கம்: ஊசியா, வாயுவா?

பித்தப்பையில் கல் என்றால் நம்மவர்கள் அவ்வளவாகப் பதறுவதில்லை. அந்தக் கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்து, கண் மஞ்சளாகி, குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே டாக்டர் ‘ஈஆர்சிபி’ என்கிறார். வாய் வழியாகக் குழாயைச் சிறுகுடலின் தொடக்கம் வரை செலுத்தி, பித்தநாளத்தில் சாயம் விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே கல்லை எடுக்கும் முறை அது. உடனே வீட்டார் கேட்பது ஒன்றுதான்: “மயக்கம் கொடுப்பாங்களாமே, எழுந்திருப்பாரா?”

பல இடங்களில் அரைமயக்கத்திலேயே இது முடிந்துவிடும். கல் பெரிது, நேரம் பிடிக்கும் என்றால் முழு மயக்கம் தேவைப்படலாம். அதற்கு இரண்டு வழிகள். ப்ரோபோஃபோல் மருந்தைப் பம்ப் வைத்து நரம்பில் தொடர்ந்து ஏற்றலாம். அல்லது செவோஃப்ளுரேன் போன்ற வாயுவைச் சுவாசக் குழாய் வழியாகக் கொடுக்கலாம்.

ஊசி முறையில் கண் விழித்தபின் குமட்டலும் வாந்தியும் குறைவு. இதை வெறும் சௌகரியம் என்று தள்ளிவிட முடியாது. ஈஆர்சிபி செய்தவர்களில் 100க்கு 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வரலாம். அது மயக்க மருந்தால் வருவதல்ல, சிகிச்சையின் பக்கவிளைவு. ஆனால் அதன் அறிகுறியும் வயிற்றுவலி, வாந்திதான். மருந்தால் வரும் வாந்தி குறைந்தால், எது எதனால் என்ற குழப்பமும் குறையும்.

வாயுவுக்கும் ஒரு பலம் உண்டு. நோயாளி வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் மருந்து எவ்வளவு என்று இயந்திரம் காட்டிவிடும். ஊசி மருந்து உடலில் எவ்வளவு இருக்கிறது என்று அப்படி அளந்து பார்க்க முடியாது. குப்புறப் படுத்திருப்பவரின் கையில் டியூப் கழன்றால் உடனே தெரியாமலும் போகலாம். அதனால்தான் நெற்றியில் பட்டை ஒட்டி மூளை அலைகளைக் கவனிக்கிறார்கள்.

வாயு மருந்துகள் மீது இப்போது இன்னொரு வழக்கும் ஓடுகிறது. டெஸ்ஃப்ளுரேன் என்ற வாயு, கரியமில வாயுவைவிடச் சுமார் 2,500 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. ஸ்காட்லாந்து 2023இல் அதைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2026 ஜனவரி 1 முதல், வேறு வழியில்லாத நோயாளிகளுக்குத் தவிர, அதைத் தடை செய்துள்ளது. செவோஃப்ளுரேனின் பாதிப்பு இதைவிடப் பல மடங்கு குறைவு. ஊசி முறையிலும் பிளாஸ்டிக் குப்பை சேரத்தான் செய்கிறது.

பம்பும் பழகிய கையும் இருக்குமிடத்தில், ஈஆர்சிபிக்கு ஊசி ஒருபடி மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது. தேர்வு மயக்க மருந்து நிபுணருடையது. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது நம் வாயிலிருந்துதான் வர வேண்டும். உறவில் யாருக்காவது ஆபரேஷனின்போது உடல் திடீரென அனலாய்க் கொதித்ததா? வாயு ஒத்துக்கொள்ளாத, பரம்பரையாக வரும் அபூர்வக் கோளாறாக அது இருக்கலாம். அப்படியானால் வாயுவைத் தொடவே மாட்டார்கள். குடிப்பழக்கம், பலத்த குறட்டை, நாட்டு மருந்து எதையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

வழக்கமாக, சாப்பாட்டை 6 மணி நேரத்துக்கு முன்பும் வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். பால் கலந்த தேத்தண்ணியும் மைலோவும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும்.