நீமோவுக்கு ஒரு முன்கதை, நானாவுக்கு ஒரு விளம்பரத் தாள்

(நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் தொடரலாம்.)

கோடை விடுமுறைக்குப் புனே வந்திருந்த அக்கா மகனைச் சென்ற ஞாயிறன்று சனிவார் வாடாவுக்கு அழைத்துச் சென்றேன். பன்னிரண்டு வயது, பார்க்கும் படங்களில் நாயகனைவிட வில்லன்மீதுதான் அவனுக்கு ஈடுபாடு. 1828இல் எரிந்துபோன மாளிகையின் அடித்தளக் கற்களையும் மிஞ்சி நிற்கும் பெரிய வாயிலையும் காட்டி, இங்கிருந்து ஆண்ட கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் என்றேன். அவருக்குப் பிறகு யார் என்று கேட்டான். அவருடைய தத்துப்பிள்ளைக்கு ஆள இந்த ஊர் கிடைக்கவில்லை, ஆனால் பிரெஞ்சு அறிவியல் புனைகதை ஒன்றில் அவர் வில்லனாக வருகிறார் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. "அப்படின்னா அவரோட முன்கதை என்ன சித்தி? எல்லா வில்லனுக்கும் ஒண்ணு இருக்குமே" என்றான்.

அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை.

போரில் பிறக்கும் வில்லன் இன்று அறிவியல் புனைகதையின் தேய்ந்துபோன வழக்கம். 1963இல் அறிமுகமான மேக்னீட்டோ வெறும் உலக ஆதிக்க வெறியன். 1981இல்தான் அவனை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் சிறுவயதைக் கழித்தவனாக எழுதினார்கள். அன்றுமுதல் அவனை வெறுப்பது கடினமாயிற்று. பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ' 1975இல் டாலெக்குகளின் தோற்றக் கதையைச் சொன்னது. தலைமுறை தலைமுறையாக நீளும் போரில், டாவ்ரோஸ் என்ற அறிவியலாளன் தன் இனத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்த அரக்க இயந்திரங்களைச் செய்கிறான். ஆனால் இவ்வழக்கத்தின் வேர் இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால், நம் மண்ணில், 1857இல் இருக்கிறது.

ஜூல்ஸ் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்' 1869இல் தொடராக வெளிவரத் தொடங்கியது. அதன் கேப்டன் நீமோ தன் நாட்டிலிக்ஸ் நீர்மூழ்கியால் கப்பல்களை மோதி மூழ்கடிப்பவன். இலத்தீனில் 'நீமோ' என்றால் 'எவருமில்லை'. கதையின் இறுதியில் ஒரு போர்க்கப்பலை அதிலிருந்த அத்தனை பேருடனும் மூழ்கடித்துவிட்டுத் தன் அறைக்குச் சென்று, ஓர் இளம்பெண்ணும் இரு குழந்தைகளும் இருக்கும் ஓவியத்தின் முன் மண்டியிட்டு விம்முகிறான். அவர்கள் யார், அந்தக் கப்பல் எந்த நாட்டுடையது என்று நாவல் சொல்வதில்லை. வெர்ன் முதலில் அவனைப் போலந்துக்காரனாகத்தான் எண்ணியிருந்தார்: 1863இன் எழுச்சியை ரஷ்யா நசுக்கியபோது குடும்பத்தை இழந்த பிரபு. ரஷ்யச் சந்தையை இழக்க விரும்பாத பதிப்பாளர் ஹெட்செல் மறுத்தார். வில்லனின் காயத்துக்குக் காரணம் யார் என்பது வியாபாரக் கேள்வியாகவும் இருந்தது. வேறொரு காரணத்தை ஒட்டவைக்க வெர்ன் இணங்கவில்லை. இடத்தை வெற்றாக விட்டுவிட்டார்.

ஆனாலும் ஒரு காட்சியை நம் பக்கத்துக் கடலில் வைத்தார். இலங்கையை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்தில், காலால் கல்லைப் பற்றிக்கொண்டு மூழ்கியெழும் ஓர் ஏழை முத்துக்குளிப்பவரைச் சுறா தாக்குகிறது. நீமோ குறுவாளோடு பாய்ந்து அவரைக் காக்கிறான். ஒரு பை நிறைய முத்துகளை அவர் கையில் வைத்துவிட்டு வருகிறான். ஏன் என்று கேட்டபோது, அந்த மனிதர் ஒடுக்கப்பட்டோரின் நாட்டைச் சேர்ந்தவர், தானும் அந்த நாட்டவனே என்ற பொருள்பட மறுமொழி சொல்கிறான். நீமோ இந்தியனாவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட வரி அது. அந்த முத்துக்குளிப்பவருக்குப் பெயரில்லை. தமிழராக இருக்கவே வாய்ப்பு அதிகம், வெர்ன் சொல்லவில்லை. அவர் நாவலில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை.

1874, 75இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் நீமோவின் முன்கதை வெளிப்படுகிறது. அவன் பந்தேல்கண்ட் அரசர் ஒருவரின் மகன், இளவரசன் டக்கார், திப்பு சுல்தானின் மருமகன் முறை. பத்து வயதில் ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பப்பட்டவன். 1857இல் எழுச்சியில் இறங்கினான், தோற்றான், தன்னை நம்பிய இருபது பேருடன் பசிபிக் தீவொன்றில் நாட்டிலிக்ஸைக் கட்டினான். மொழியியல் படித்தவளாக இதை வாசிக்கும்போது சிரிப்பு வருவது உண்மை. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவுக்குப் பந்தேல்கண்டில் எப்படி உறவு வந்தது? 'டக்கார்' எந்த இந்திய மொழியின் பெயர்? 'தாக்கூர்' என்பதைத் தூரத்திலிருந்து கேட்டவரின் காதோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு, ஐயம் மட்டுமே. ஆனால் இந்தியா வராத ஒருவர் 1857ஐ 'கலகம்' என்று முடித்துவிடாமல், உலகின் மிகச் சிறந்த பொறியாளனை அதிலிருந்து பிறக்கவைத்தார் என்பதற்காக அந்தப் பிழைகளை நான் மன்னிக்கிறேன்.

மன்னிக்க முடியாதது அந்தக் கதை ஆங்கிலத்துக்குப் போனபோது நடந்தது. பிரெஞ்சு மூலத்தில் டக்கார் எழுச்சியின் உயிர். 1875இல் கிங்ஸ்டன் பெயரில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அவன் நெடுநாள் பேராசை நிறைவேறும் என்று நம்பி அதற்குள் எளிதாக இழுக்கப்பட்டவன். மூலத்தில் அவன் தலைக்கு விலை வைக்கிறார்கள். காட்டிக்கொடுக்க ஆள் கிடைக்காததால், அவன் அறியும் முன்பே, அவனுடைய தாய், தந்தை, மனைவி, குழந்தைகள் அதற்கு விலை கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் தலைக்கு விலை வைக்கிறார்கள், அவன் தப்பிவிடுகிறான். அவ்வளவுதான். ஒரு முழுக் குடும்பத்தின் சாவு 'தப்பிவிட்டான்' என்ற ஒரே வினைமுற்றுக்குள் காணாமல் போயிற்று. ஓவியத்தின் முன் அவன் ஏன் அழுதான் என்று ஆங்கிலத்தில் படித்த சிறுவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மொழிபெயர்ப்பு இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்களில் பலர் படித்ததும் அதுவாகவே இருக்கும்.

வில்லனின் முன்கதை என்பதை இலக்கணமாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வில்லன் எப்போதும் எழுவாய்: அவன் கொன்றான், மூழ்கடித்தான், எரித்தான். முன்கதை அவனை ஒரே ஒருமுறை செயப்படுபொருளாக்கிக் காட்டுகிறது: அவனை யாரோ எதுவோ செய்தார்கள். அந்த 'யாரோ' இருக்கும் இடத்தில் ஒரு பெயரை எழுத அனுமதி உண்டா என்பதில்தான் சண்டை. ஹெட்செல் ரஷ்யாவின் பெயரை எழுத விடவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு இங்கிலாந்தின் பெயரை எடுத்துவிட்டு அங்கே 'பேராசை'யை வைத்தது.

சனிவார் வாடாவுக்குத் திரும்புகிறேன். அக்கா மகன் கேட்டவர் நானா சாகேப். இயற்பெயர் தோண்டோபந்த். 1824இல் கர்ஜத் பக்கம் வேணேகாவில் பிறந்தவர். 1817 நவம்பர் 5 அன்று கட்கியில், இன்று வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அதே கட்கியில், பாஜிராவின் படை தோற்றது. அடுத்த ஆண்டு அவர் சரணடைந்து, ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியத்துடன் கான்பூர் அருகே பிட்டூருக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் 1827இல் நானாவைத் தத்தெடுத்தார். 1851இல் பாஜிராவ் இறந்ததும் கம்பெனி ஓய்வூதியத்தை நிறுத்தியது. நானா அசிமுல்லா கானை இலண்டனுக்கு அனுப்பி முறையிட்டார், பயனில்லை.

வெர்ன் 1880இல் எழுதிய 'நீராவி வீடு' நாவலின் வில்லன் இவர்தான். நீராவியால் ஓடும் இரும்பு யானை ஒன்று, பின்னால் இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியாவைக் கடக்கிறது. அதில் பயணம் செய்யும் கர்னல் மன்ரோவின் மனைவி கான்பூரில் மாண்டதாகக் கருதப்படுகிறவள். நாவல் அவுரங்காபாத்தில் ஒட்டப்பட்ட ஒரு விளம்பரத் தாளோடு தொடங்குகிறது: நானாவின் தலைக்கு விலை. அதே 1857, அதே எழுத்தாளர், தலைக்கு அதே போன்ற விலை. எழுச்சியின் வரலாற்றுக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. ஆங்கிலேயரின் பழிவாங்கலும் அதில் வருகிறது. ஆனால் அது வரலாறாக வருகிறதே தவிர, நானாவின் காயமாக வருவதில்லை. ஓவியத்தின் முன் மண்டியிடும் அந்த ஒரு நிமிடம் அவருக்கு இல்லை. இறுதியில் அவரை அந்த இரும்பு யானைமீதே கட்டிவிடுகிறார்கள்; கொதிகலன் வெடிக்கிறது.

கற்பனை இளவரசனுக்குக் கிடைத்தது மெய்யான பேஷ்வா பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை? டக்காரின் கையில் கான்பூர் இல்லை என்பதே என் விடை. 1857 ஜூன் 27 சதிசௌரா படித்துறையும், ஜூலை 15 பீபீகரும் நானாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. பீபீகரில் கொல்லப்பட்டவர்கள் பெண்களும் குழந்தைகளும்; நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ஆணையிட்டது அவரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் அவருடைய ஆட்சியின் கீழ் நடந்தது. முன்கதை இதைக் கழுவிவிடாது. கழுவ வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நீமோ மூழ்கடித்த கப்பலிலும் பிள்ளைகுட்டிக்காரர்கள் இருந்திருப்பார்கள். கைகளில் குருதி இல்லாத வில்லனுக்கு மட்டுமே முன்கதை எழுதுவோம் என்றால், அது முன்கதையே அல்ல, நற்சான்றிதழ்.

பீபீகருக்கு முந்தைய மாதத்தில் காசியிலும் அலகாபாத்திலும் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிடப்பட்டார்கள், ஊர்கள் எரிக்கப்பட்டன. பாருங்கள், நானே செயப்பாட்டுவினையில் எழுதிவிட்டேன். எரித்தவர் ஜேம்ஸ் நீல். அவர் கூட்டிச் சென்றது சென்னையின் படை, மதராஸ் ஃப்யூசிலியர்ஸ். பிறகு கான்பூரில், தூக்கிலிடும் முன் கைதிகளைப் பீபீகர் தரையின் குருதியை நக்கவைத்தவரும் அவரே. அந்த நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927இல் அதை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகம் செய்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 1937இல் இராஜாஜி அமைச்சரவை வந்தபின்தான் அது அருங்காட்சியகத்துக்கு நகர்ந்தது. வட இந்தியக் கதை என்று நாம் தள்ளிவைக்கும் 1857இன் ஒரு நுனி நம் நகரத்து நடைபாதையில் முக்கால் நூற்றாண்டு அளவுக்கு நின்றிருக்கிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. 'மர்மத் தீவில்' சாகக் கிடக்கும் நீமோ தன் கதையைச் சொல்லிவிட்டு, தான் செய்தது சரியா தவறா என்று கேட்கிறான். தீர்ப்பளிப்பவர் ஓர் அமெரிக்கப் பொறியாளர்: கடந்த காலத்தை உயிர்ப்பிக்க முயன்றதும், தவிர்க்க முடியாத முன்னேற்றத்தை எதிர்த்ததும் உன் பிழை என்கிறார். கடலடியில் மின்சாரத்தால் கப்பல் ஓட்டியவனிடம் முன்னேற்றத்தைப் பற்றிச் சொல்கிறார்! குடும்பத்தை இழந்தவன் கேட்டது வேறு கேள்வி என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இதையெல்லாம் சுருக்கி அக்கா மகனிடம் சொன்னேன். நீமோவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. "அந்த முத்துக்குளிக்கிறவர் அவ்வளவு முத்தை வச்சு என்ன பண்ணார்?" என்றான். தெரியாது என்றேன். மதுரைக்குத் திரும்பும் வழியில் சென்னையில் இரண்டு நாள் தங்குகிறான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீல் சிலை இருந்தால், அதன் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.