நீராவி இல்லாத இடத்தில் டர்பைன் வேண்டாம்: காஸ் டர்பைன் கூட்டு உற்பத்தி குறித்து எங்கள் நிலைப்பாடு

ஹைதராபாத்தின் பாலாநகர், ஜீடிமெட்லா ஆலைகளில் பாய்லரும் மின்சாரமும் பார்க்கிற பொறியாளர்களின் சங்கம் எங்களுடையது. ஆலை வளாகத்திலேயே காஸ் டர்பைன் நிறுவி மின்சாரத்தையும் நீராவியையும் சேர்த்து எடுக்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில் இது: ஆண்டு முழுவதும் இரவும் பகலும் நீராவி கேட்கிற ஆலை வைக்கலாம். மின்வெட்டுக்குப் பயந்தோ கரண்டு பில்லைப் பார்த்தோ வைக்கக் கூடாது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2012–13இல் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் தொழிற்சாலைகளுக்கு விட்ட ‘பவர் ஹாலிடே’யை, அதாவது கட்டாய மின்விடுமுறையை, இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அதே காலத்தில்தான் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் டி6 வயலில் இயற்கை வாயுவும் வற்றிக்கொண்டிருந்தது. 2009 ஏப்ரலில் தொடங்கி மறு ஆண்டே உச்சம் தொட்ட உற்பத்தி, பிறகு சரிந்தது. 2013 மார்ச்சிலிருந்து மின்நிலையங்களுக்கு அந்த வாயு அறவே நின்றது. அதை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய கோதாவரிக் கரை நிலையங்கள் எரிபொருள் இல்லாமல் கிடந்தன. 2022இல் ஆசியச் சந்தையில் திரவ இயற்கை வாயுவின் உடனடி விலை பத்து லட்சம் பிடியூவுக்கு 50 டாலரைத் தாண்டிய மாதங்களும் வந்துபோயின. மின்வெட்டிலிருந்து தப்பிக்க டர்பைன் வாங்குகிறவர், ஒரு தட்டுப்பாட்டை விட்டு இன்னொன்றின் வாசலில் போய் நிற்கிறார்.

இனி கணக்கு. 5 மெகாவாட் அளவிலான டர்பைன், எரிக்கும் வாயுவின் ஆற்றலில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்கும். மீதியில் பெரும்பகுதி 500 பாகை செல்சியஸ் அளவிலான புகையாக வெளியேறுகிறது. அதன் குறுக்கே வெப்பமீட்பு பாய்லரை வைத்தால் மணிக்கு 10 முதல் 13 டன் நீராவி கிடைக்கும். மொத்தப் பயன் 75 விழுக்காட்டை எட்டும். அந்த நீராவியை வாங்க ஆளில்லாத நேரத்தில் டாம்பரைத் திருப்பிப் புகையை நேராகப் புகைபோக்கியில் விடுகிறோம். அந்த நிமிடமே இது ஒரு சாதாரண அனல் மின்நிலையத்தைவிட மட்டமான இயந்திரம்.

மத்திய மின் அமைச்சகம் 1996 நவம்பரில் வெளியிட்ட தீர்மானம் இதை அளக்க நல்ல வழி சொன்னது: மின்சாரத்தோடு பயனுள்ள வெப்பத்தில் பாதியைக் கூட்டினால், எரிபொருள் ஆற்றலில் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். 30 மின்சாரம், 45 வெப்பம் என்றால் ஐம்பத்திரண்டரை, தேறிவிடும். நீராவியில் பாதியை வீணடித்தால் 41தான், தோற்றுவிடும். விற்பனைக்கு வருகிறவர்கள் முதல் கணக்கை மட்டுமே காட்டுவது வழக்கம்.

அட்டவணையில் போடும் திறனும் இங்கே கிடைக்காது. அது 15 பாகை வெப்பத்துக்கும் கடல்மட்டத்துக்கும் எழுதியது. ஹைதராபாத் கடல்மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. மே மாதம் 42 பாகை சாதாரணம். காற்று இளைத்துவிடுவதால் 5 மெகாவாட் என்று வாங்கியது, தேவை உச்சத்தில் இருக்கும் மதியத்தில் 4 தருவதே பெரிது. நம் கோடை வறண்டது என்பதால், உறிஞ்சும் காற்றை நீர் ஆவியாக்கிக் குளிர்விக்கும் அமைப்பு இங்கே நன்றாக வேலை செய்யும். சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவு கைகொடுக்காது. அதன் விலையையும் தண்ணீரையும், குழாயில் வரும் வாயுவை டர்பைன் கேட்கும் அழுத்தத்துக்கு ஏற்றும் கம்ப்ரஸர் தின்னும் மின்சாரத்தையும் திட்ட அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

பாலாநகரில் யாருக்குப் பொருந்தும்? லேத்தும் மில்லிங்கும் ஓடும் பட்டறைகளுக்கும் டூல் ரூம்களுக்கும் நீராவியே வேண்டாம். அவர்களுக்கு இந்தப் பேச்சே அநாவசியம். மருந்து மூலப்பொருள் ஆலைகளில் கரைப்பான் மீட்பு, உலர்த்தல் என்று நீராவி ஓயாமல் ஓடுகிறது. ஆனாலும் மணிக்கு 10 டன்னைத் தனியாக நிலையாகக் குடிக்கும் ஆலை இங்கே குறைவு. அதற்குக் கீழே காஸ் என்ஜினே மேல்; அரைச் சுமையில் டர்பைன்போல் அது தடுமாறாது. ராமச்சந்திராபுரம் பெல் ஆலையில் உருவாகும் டர்பைன்கள் சுத்திகரிப்பு ஆலைகளுக்கான அளவு. பக்கத்தில் செய்கிறார்கள் என்பதற்காக நமக்குப் பொருந்திவிடாது.

அண்டை ஆலைகள் சேர்ந்து ஒரே டர்பைன் வைத்து நீராவிக் குழாயைப் பகிர்வதையே நாங்கள் விரும்புகிறோம். 2005 மின்சார விதிகள் பயனர் ஆலைகளுக்கு 26 விழுக்காடு பங்கும் மின்சாரத்தில் 51 விழுக்காடு நுகர்வும் இருந்தால் கூட்டுச் சொந்த உற்பத்தியை அனுமதிக்கின்றன. தடை வேறிடத்தில். தொழில்பேட்டைச் சாலையைக் கடந்து நீராவிக் குழாய் போட யாரிடம் அனுமதி கேட்பது என்பதற்குத் தெளிவான ஒற்றை வழி வேண்டும். அதைத் தொழில் உள்கட்டமைப்புக் கழகம் வகுக்க வேண்டும்.

கிரிட்டோடு இணைந்த சொந்த மின்னுற்பத்தி ஆலைகளிடம் வாங்கும் கிரிட் ஆதரவுக் கட்டணம் செல்லும் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுக்கிறோம். ஆனால் 45 விழுக்காட்டுச் சோதனையில் ஆண்டுதோறும் தேறும் ஆலைக்குக் குறைத்து வாங்குங்கள். கூட்டு உற்பத்தியை ஊக்குவிக்கும் பொறுப்பை 2003 மின்சாரச் சட்டத்தின் 86(1)(இ) பிரிவு ஒழுங்குமுறை ஆணையத்துக்குத்தான் தந்திருக்கிறது. இயற்கை எரிவாயு இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால், வாயுவுக்குக் கட்டும் வாட் வரியை மருந்தின் மீதான ஜிஎஸ்டியில் கழிக்க முடிவதில்லை. இதை டெல்லியில்தான் தீர்க்க வேண்டும். முதலீட்டு மானியம் நாங்கள் கேட்கவில்லை. மானியம் கிடைத்தால் நீராவி இல்லாதவர்களும் டர்பைன் வாங்குவார்கள்.

நிலமும் ஒரு கேள்வி. தொழில் நிலங்களை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தெலங்கானா அரசு 2025 நவம்பரில் கொண்டுவந்த கொள்கைக்குள் பாலாநகரும் வருகிறது. பதினைந்து ஆண்டு ஓட வேண்டிய இயந்திரத்தை, எப்போது அடுக்குமாடியாகும் என்று தெரியாத மனையில் யார் நிறுத்துவார்கள்? எந்த ஆலைகள் இங்கேயே இருக்கும் என்பதை அரசு முதலில் அறிவிக்கட்டும்.

எங்கள் உறுப்பினர்கள் ஆலோசகர்களாகப் போகும் இடங்களில் ஒரு விதியைப் பின்பற்றுவார்கள். பன்னிரண்டு மாத நீராவி மீட்டர் பதிவு, மணிவாரியாக, மேசைக்கு வராமல் எந்த டர்பைன் திட்ட அறிக்கையிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.