ஸ்லாட் இருக்கிறது, டிரைவர் எங்கே?

வைஃபையைச் சின்னப் பெட்டியில் போட்டு, தனி விலை ஒட்டி விற்ற காலம் ஒன்று உண்டு. லேப்டாப்புக்கு மட்டுமல்ல, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் கையடக்கக் கணினிக்கும் அப்படித்தான். கணினி வாங்க ஒரு செலவு, அது இணையத்தோடு பேச ஒரு கார்டு வாங்கிச் செருக இன்னொரு செலவு. அந்தக் கார்டுகள் கடையில் உயிரோடு இருந்தது கொஞ்ச காலம்தான். ஆனால் நாம் இன்றைக்குப் போன் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு அவற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்காவில் 1996இல் வந்த பைலட்தான் கையடக்கக் கணினியைப் பரவலாக்கியது. முகவரி, நாள்காட்டி, குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகள் என்று நாலு காரியம் செய்யும். மேசைக் கணினியோடு வயரில் இணைந்த தாங்கி ஒன்றில் நிறுத்திப் பட்டனை அழுத்தினால், இரண்டிலும் இருக்கும் தகவல் ஒன்றாகிவிடும். 1999இல் 802.11பி என்ற வைஃபை தரம் வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 11 மெகாபிட் வேகம். அடுத்த வருஷமே காம்பேக் நிறுவனம் ஐபேக்கை இறக்கியது: வண்ணத் திரை, 206 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 32 எம்பி நினைவகம். 2002இல் டி-மொபைல் நிறுவனம் அமெரிக்க ஸ்டார்பக்ஸ் கடைகளில் கட்டண வைஃபையைப் பரப்பியது. தாங்கியை விட்டு இறங்கிக் காபிக் கடையில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்க்கலாமே என்ற ஆசை அங்கே பலருக்கும் வந்தது. நம் நாட்டிலோ, இந்த அலைவரிசையை உரிமம் வாங்காமல் வெளியிடங்களிலும் பயன்படுத்தலாம் என்று அரசு அறிவித்ததே 2005இல்தான். அதனால் இந்தக் கார்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பெட்டியில்தான் இங்கே வந்து இறங்கின.

ஐபேக்கின் உடம்பில் வைஃபை கார்டுக்கு ஸ்லாட் கிடையாது. முதுகில் ஓர் உறையை மாட்ட வேண்டும், அந்த உறையில்தான் ஸ்லாட் இருக்கும். லேப்டாப்பில் போடும் பெரிய பிசி கார்டுக்கு ஓர் உறை, காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டுக்கு வேறோர் உறை. காம்பாக்ட்ஃபிளாஷ் என்பது 1994இல் சான்டிஸ்க் கொண்டுவந்த மெமரி கார்டு. பிசி கார்டின் இணைப்பு முறையையே சுருக்கி அமைத்திருந்ததால், அதே 50 ஊசிகள் வழியாக மோடமும் வைஃபையும்கூட வேலை செய்தன. சின்னக் கார்டுதான். ஆனால் ஆன்டெனாவைக் கருவிக்குள்ளேயே புதைத்தால் சிக்னல் தடைபடும் என்பதால், கார்டின் தலை மட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். சட்டைப்பையில் போட்டால் இடிக்கும்.

மின்சாரம் அதைவிடப் பெரிய தலைவலி. முதல் ஐபேக்கின் பேட்டரி 950 மில்லி ஆம்பியர் மணி. சிக்னல் அனுப்பும்போது கார்டு 200, 300 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஐபேக் போன்ற அந்தக் காலத்துப் பாக்கெட் பிசிகளில் நாம் சேர்த்த முகவரியும் குறிப்பும் ராம் நினைவகத்தில் இருந்தன. பேட்டரி அடியோடு தீர்ந்தால் அத்தனையும் போய்விடும். 2005இல் அவற்றுக்கு விண்டோஸ் மொபைல் 5 இயங்குதளம் வந்த பிறகுதான் இந்தப் பயம் போனது. அதுவரை, காபிக் கடையில் கொஞ்சம் அதிக நேரம் உலாவினால் மாமனார் வீட்டு போன் நம்பரையே இழக்கும் வாய்ப்பு இருந்தது.

கனம், பேட்டரி இரண்டையும் பயனர்கள் எப்படியோ சமாளித்தார்கள். சமாளிக்க முடியாமல் போனது டிரைவர் விஷயத்தில். கார்டுக்குள் இருக்கும் சிப்போடு எப்படிப் பேசுவது என்று கணினிக்குச் சொல்லித்தரும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். அது இல்லாவிட்டால் கார்டு வெறும் பிளாஸ்டிக்.

இதை முதலிலேயே யோசித்தவர்கள் இருந்தார்கள். பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், டோனா டுபின்ஸ்கி, எட் காலிகன் மூவரும் வெளியேறி 1998இல் ஹேண்ட்ஸ்பிரிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் வந்த அவர்களுடைய வைசர் கருவியின் முதுகில் ஸ்பிரிங்போர்டு என்ற ஸ்லாட் இருந்தது. அதில் செருகும் ஒவ்வொரு சாமானும் தனக்கு வேண்டிய மென்பொருளைத் தன் வயிற்றிலேயே சுமந்து வரும். செருகினால் தானாக ஏறிக்கொள்ளும், உருவினால் தானாக இறங்கிவிடும். சிடி வேண்டாம், டவுன்லோடு வேண்டாம். 2001இல் சிர்காம் நிறுவனம் இதற்கென வைஃபை சாமான் ஒன்றைக் கொண்டுவந்தது, தனி பேட்டரியும் உள்ளேயே வைத்து. கருவி செய்தவரும் கார்டு செய்தவரும் பிற்பாடு முகம் திருப்பிக்கொண்டாலும், வாங்கியவர் கையில் வேலை செய்யும் பொருள் மிஞ்சும். எனக்குத் தெரிந்து அந்தத் தலைமுறையின் ஆக நேர்மையான ஸ்லாட் அதுதான்.

அது நிலைக்கவில்லை. அளவு பெரிது, பைலட்டும் வைசரும் ஓடிய பாம் இயங்குதளத்திலேயே மற்றவர்கள் வேறு ஸ்லாட் வைத்தார்கள், நிறுவனமும் கையடக்கக் கணினியை விட்டு ட்ரியோ போனுக்குத் தாவியது. பிறகு வந்த ஸ்லாட்டுகளில் டிரைவர் கார்டோடு வரவில்லை, நிறுவனத்தின் விருப்பத்தோடுதான் வந்தது. 2002இல் வந்த சோனி கிளியே என்.எக்ஸ். வரிசையில் காம்பாக்ட்ஃபிளாஷ் ஸ்லாட் இருந்தது. பார்த்தவர்கள், கடையில் கிடைக்கும் எந்தக் கார்டையும் போடலாம் என்று நினைத்தார்கள். ஆனால் சோனி கொடுத்த டிரைவர் சோனியின் சொந்த வைஃபை கார்டுக்கு மட்டும்தான். உலகம் முழுதும் விற்ற ஒரு பொதுவான ஸ்லாட்டை வைத்துவிட்டு, உள்ளே ஒரே ஒரு கார்டைத்தான் அனுமதித்தார்கள்.

ட்ரியோ 650 கதை இன்னும் வேடிக்கை. 2003இல் பாம் நிறுவனம் ஹேண்ட்ஸ்பிரிங்கை வாங்கி பாம்ஒன் ஆனது. 2004இல் தன் பெயரிலேயே எஸ்டி கார்டு அளவில் வைஃபை கார்டு ஒன்றை வெளியிட்டது. டங்ஸ்டன் டி3, சயர் 72 கருவிகளில் அது ஓடியது. அதே வருஷக் கடைசியில் அதே நிறுவனத்தின் ட்ரியோ 650 போன் வந்தது. அதே எஸ்டி ஸ்லாட், கார்டு கச்சிதமாக உட்காரும், டிரைவர் மட்டும் கிடையாது. டேட்டாவுக்குக் காசு வாங்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கு வைஃபை பிடிக்காது, அதனால்தான் தரவில்லை என்று அப்போது பேச்சு அடிபட்டது. நிறுவனம் கைவிட்டதும் ஆர்வலர்கள் களத்தில் இறங்கினார்கள். இருக்கிற டிரைவரைத் திருத்தி அந்தப் போனில் வைஃபையை ஓடவும் வைத்தார்கள். முடியாத காரியம் என்று யாரும் இனிச் சொல்ல முடியாது. செருகினால் ஓடும் ஸ்லாட்டைக் கண்டுபிடித்தவர்களின் வம்சத்தில் வந்த போனுக்கா இந்தக் கதி என்று தோன்றாமல் இல்லை.

வைஃபை ஓடியது என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு? ஆரம்பகால வைஃபைக்குப் பூட்டு டபிள்யூ.இ.பி. என்ற முறை. 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அதன் அடித்தளத்திலேயே ஓட்டை இருப்பதை நிரூபித்தார்கள். 2007க்குள், ஒரு நிமிஷத்துக்குள் அதை உடைக்கும் வழி வந்துவிட்டது. இடையில் அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். கடைக் குழுமத்தில் நான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் கார்டு எண்கள் திருடு போயின. மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ஒரு கடையில், விலை சரிபார்க்கும் கையடக்கக் கருவிகள் இந்தப் பலவீனமான பூட்டோடு பேசிக்கொண்டிருந்ததை வெளியிலிருந்து ஒட்டுக்கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது என்று விசாரணைச் செய்திகள் சொல்லின.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாற்றாக 2003இல் வந்த டபிள்யூ.பி.ஏ. முறையை வடிவமைத்தவர்கள், ஏற்கெனவே விற்றுவிட்ட கார்டுகளை மனத்தில் வைத்தே வடிவமைத்தார்கள். பழைய சிப்பே போதும், மென்பொருளை மட்டும் மாற்றினால் பெரும்பாலான கார்டுகள் புதுப் பூட்டுக்கு மாறிவிடலாம். ஆனால் அந்த மென்பொருளை எழுதித் தர வேண்டியது கார்டு செய்தவர். சிலர் தந்தார்கள். பலர் அதற்குள் அடுத்த கார்டை விற்கப் போய்விட்டார்கள்.

பழைய எலெக்ட்ரானிக் சாமான்களைச் சேர்த்துவைக்கும் பித்து பிடித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அண்மையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பாக்கெட் பிசி ஒன்றையும், ரிச்சி தெருவில் பழைய சாமான் குவியலில் கிடைத்த வைஃபை கார்டு ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். பேட்டரி செத்துவிட்டதால் சார்ஜர் வயரோடுதான் ஓடும். கார்டைச் செருகினார். பச்சை விளக்கு மினுக்கியது. சிறிது நேரத்தில் திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன: அவர் வீட்டு ரூட்டர், மாடிவீட்டுக்காரர் ரூட்டர், எதிர்வீட்டு ரூட்டர்.

“பாத்தீங்களா சார், கண்ணும் காதும் நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

சேரத்தான் முடியவில்லை. இன்றைய ரூட்டர் கேட்கும் பூட்டு அந்தக் கார்டுக்குத் தெரியாது. பரணிலிருந்து பழைய ரூட்டர் ஒன்றை இறக்கி, டபிள்யூ.இ.பி.க்கு மாற்றினார். அடுத்து பாஸ்வேர்டு. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்த 26 குறிகள். திரையின் அடியில் எறும்பு அளவு விசைப்பலகை, ஒவ்வொரு எழுத்தையும் ஸ்டைலஸ் குச்சியால் குத்த வேண்டும். குத்தக் குத்த நட்சத்திரக் குறிதான் தெரியும், எங்கே தப்பு நேர்ந்தது என்று பார்க்க வழியில்லை. நான் வாசிக்க, அவர் குத்த, பலமுறை அழித்து எழுதிய பிறகு இணைந்தது. பழைய காலத்து மாதிரி எளிய இணையப் பக்கம் ஒன்று மெதுவாகத் திறந்தது. வங்கி, செய்தித்தாள், மின்னஞ்சல் எதுவும் திறக்கவில்லை. இன்றைய தளங்கள் கேட்கும் குறியாக்கம் அந்த உலாவிக்குத் தெரியாது. சிப் அப்படியே இருக்கிறது, அலைவரிசையும் அதே 2.4தான். அந்தக் கருவியில் கெட்டுப்போனது பேட்டரி ஒன்றுதான். மற்றதெல்லாம் யாரும் எழுதித் தராததால் நின்றுபோனவை.

எல்லாக் கார்டுக்கும் இந்தக் கதி வரவில்லை. ஷார்ப் நிறுவனத்தின் ஜாரஸ் கையடக்கக் கணினி லினக்ஸில் ஓடியது. காம்பேக்கின் ஆய்வகத்தினரும் ஆர்வலர்களும் சேர்ந்து ஐபேக்கிலும் லினக்ஸை ஏற்றினார்கள். பல கார்டுகளில் இருந்த பிரிசம் சிப்புக்கு, திறந்த மூலநிரலில் டிரைவர்கள் இருந்தன. கார்டு செய்தவர் மறந்துபோனாலும், தெரிந்தவர் யாராவது உட்கார்ந்து திருத்தலாம். ஒரே மாதிரி சிப் கொண்ட இரண்டு கார்டுகளில், டிரைவர் பூட்டிவைக்கப்பட்டது சீக்கிரம் குப்பைக்குப் போனது. டிரைவர் திறந்திருந்தது கூடுதல் காலம் உழைத்தது.

இப்போது போனில் வைஃபை உள்ளேயே இருக்கிறது. ஸ்லாட்டும் கிடையாது, துருத்தும் தலையும் கிடையாது. ஆனால் பொருள் நம்முடையது, அதை வாழவைக்கும் மென்பொருள் அடுத்தவர் கையில் என்ற ஏற்பாடு கொஞ்சமும் மாறவில்லை. நல்ல திரை, நல்ல கேமரா இருந்தும் அப்டேட் நின்றுபோனதால் வங்கிச் செயலி ஏற மறுக்கும் போன்கள் எத்தனை வீட்டு இழுப்பறைகளில் கிடக்கின்றன!

மாற்றம் வராமல் இல்லை. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. இணையத்தோடு பேசும் பொருளை விற்பவர் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவார் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், போனை விற்பதை நிறுத்திய பிறகும், வெளியிடும் அப்டேட்டுகளை 5 ஆண்டுகள் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் பழுதுபார்ப்பது என்றால் திரையும் பேட்டரியும் மாற்றுவது என்ற அளவோடு நின்றுவிடக் கூடாது.

எனக்கு ஒரு யோசனை. நம் ஊரில் பெட்டியில் அடைத்து விற்கும் பொருளில் அதிகபட்ச விலையை அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. போன், ரூட்டர், டிவி, வீட்டுக் கேமரா ஆகியவற்றின் பெட்டியிலும் விலைக்குப் பக்கத்திலேயே ‘இந்தத் தேதி வரை அப்டேட் உண்டு’ என்று ஒரு வரி அச்சிடச் சொன்னால் போதும். அந்த ஒரு வரி இருந்தால், இரண்டாயிரம் ரூபாய் குறைவாக விற்கும் போன் உண்மையில் மலிவா, இல்லை இரண்டே வருஷத்துச் சரக்கா என்று எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரே சொல்லிவிடுவார். சட்டம் வரும்வரை கடைக்காரரிடம் நாம்தான் கேட்க வேண்டும். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆளுக்காவது கேட்டுவைத்துச் சொல்வார்.