ஆசிரியருக்கு எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது?



கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஜூன் மாதம் நெருங்கும்போது, நம் இல்லங்களில் ஒரு நீண்ட பட்டியல் தயாராகிவிடும். சீருடை, காலணி, புத்தகப்பை, நோட்டுகள், வேன் கட்டணம். அண்மைக் காலமாக அந்தப் பட்டியலின் அடியில் ஒரு வரி கூடுதலாக இடம்பெற்று வருகிறது: “டீச்சருக்கு ஏதாவது.”

அந்த ‘ஏதாவது’ என்ன என்பது வீட்டுக்கு வீடு மாறுபடுகிறது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த தந்தை வாசனைத் திரவியப் புட்டியையும் பேரீச்சம்பழப் பெட்டியையும் எடுத்து வைக்கிறார். உள்ளூரில் கடை வைத்திருப்பவர் சேலை ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். பெரும்பாலானோர் இனிப்புப் பெட்டியோடும் பீங்கான் கோப்பையோடும் நிறுத்திக்கொள்கின்றனர். இவை அனைத்திலும் அன்பு இருக்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இந்த வழக்கம் நம்மிடையே வேரூன்றும் முன்னர், மார்க்கத்தின் வெளிச்சத்தில் அதைச் சற்று நிறுத்திப் பார்ப்பது நல்லது என்று கருதுகிறோம்.

அன்பளிப்புக் கொடுப்பது நபிவழி. ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதை அற்பமாகக் கருத வேண்டாம் என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் முஸ்லிம் பெண்களுக்கு அறிவுறுத்தியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எனவே கொடுக்கலாமா என்பது கேள்வியன்று. யாருக்கு, எந்த நேரத்தில், எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

ஸகாத் வசூலிப்பதற்காக பனூ ஸுலைம் குலத்தாரிடம் அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவரின் செய்தியை நாம் ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். திரும்பி வந்த அவர் பொருள்களை இரண்டாகப் பிரித்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். அவர் தம் தாய் தந்தையரின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அபூ ஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

பள்ளி ஆசிரியர் ஸகாத் வசூலிப்பவர் அல்லரே என்று சிலர் கூறக்கூடும். உண்மைதான். ஆனால் அவர் கையிலும் ஓர் அதிகாரம் இருக்கிறது. செய்முறை மதிப்பெண், முன்வரிசை இருக்கை, வகுப்புத் தலைவர் பொறுப்பு, விழா மேடையில் ஏறும் வாய்ப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய கவனம். நாற்பது பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய கவனம் அது. கல்வியாண்டின் முதல் வாரத்தில், அந்த ஆசிரியர் நம் பிள்ளைக்கு ஓர் எழுத்தைக்கூடக் கற்றுத் தராத நிலையில், நாம் நீட்டும் பொட்டலம் நன்றியாக இருக்க முடியாது. நன்றி என்பது பெற்றதற்குச் செலுத்துவது. பெறாததற்கு முன்கூட்டிச் செலுத்துவதற்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. நபியவர்கள் கேட்ட கேள்வியை நாமும் நம்மிடம் கேட்டுக்கொள்ளலாம்: இதே ஆசிரியர் பக்கத்து வகுப்புக்கு மாற்றப்பட்டுவிட்டால் இந்தச் சேலை அவரைத் தேடிப் போகுமா?

ஆசிரியரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 அன்பளிப்புகள் பெறுவதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. நாம் அன்போடு கொடுப்பது அவருக்குச் சங்கடமாக முடியலாம். வாங்க மறுத்தால் பெற்றோரின் மனம் நோகும், வாங்கினால் சக ஆசிரியர்களின் பார்வை மாறும். நல்ல மனிதர் ஒருவரை இத்தகைய இக்கட்டில் நிறுத்துவது கண்ணியப்படுத்துவதாகாது.

இவற்றைவிட நம் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. அதே வகுப்பில், தந்தையை இழந்த ஒரு பிள்ளை இருக்கும். அதன் தாய் தையல் இயந்திரத்தை மிதித்துக் கட்டணம் கட்டியிருப்பார். மற்றப் பிள்ளைகள் வண்ணத்தாள் சுற்றிய பொட்டலங்களோடு வரிசையில் நிற்க, இந்தப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கிறது. ஆசிரியர் எந்த வேறுபாடும் காட்டாத உத்தமராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை, நமக்குக் கவனம் குறைவாகத்தான் கிடைக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொள்கிறது. மாலையில் வீட்டுக்குப் போய் அது தன் தாயிடம் என்ன கேட்கும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். தம் மகன்களில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று கேட்டு நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒரு வீட்டின் பிள்ளைகளுக்கிடையே பேணவேண்டிய நீதி அது. வகுப்பறையும் பல வகையில் ஒரு வீடுதானே!

அப்படியானால் ஆண்டின் தொடக்கத்தில் என்ன செய்யலாம்? வகுப்பறைக்குக் கொடுங்கள், சேர்ந்து கொடுங்கள், பெயர் இல்லாமல் கொடுங்கள் என்பது நம் கருத்து.

முதலில் ஆசிரியரிடமே கேட்டுவிடுவது சிறந்தது. “வகுப்புக்கு என்ன தேவைப்படுகிறது?” என்று கேட்டால் பெரும்பாலும் மிகச் சாதாரணமான பதில்தான் வரும். அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியதிலிருந்து, தொடக்க வகுப்புகளில் அட்டைகளும் படங்களும் செயல்பாடுகளுமாகப் பாடம் நடக்கிறது. சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, கத்தரிக்கோல், பசை ஆகியவற்றுக்கு ஆசிரியர்கள் தம் கைப்பணத்தைச் செலவிடுவதும் உண்டு. பென்சில் கொண்டுவர மறந்த பிள்ளைக்குக் கொடுக்க மேசையில் ஒரு பெட்டி நிறையப் பென்சிலும் அழிப்பானும் இருந்தால், ஆண்டு முழுவதும் எத்தனை அழுகைகள் மிச்சமாகும்! வகுப்பு மூலையில் வைக்க இருபது சிறுவர் கதைப் புத்தகங்கள், ஒரு முதலுதவிப் பெட்டி, நன்றாக ஓடும் சுவர்க் கடிகாரம் என இவற்றில் எது தேவையோ அது. பீங்கான் கோப்பை வேண்டவே வேண்டாம். பல்லாண்டு பணியாற்றிய எந்த ஆசிரியரின் வீட்டு அலமாரியையும் திறந்து பாருங்கள், தேநீர்க் கடை வைக்கும் அளவுக்கு அவை அடுக்கப்பட்டிருக்கும். இனிப்புப் பெட்டியும் அப்படியே. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒரே நாளில் ஐந்து பெட்டி மைசூர்பாகு!

சேர்ந்து கொடுப்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. யார் எவ்வளவு கொடுத்தார் என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டால், தவிர்க்க நினைத்த அவமானம் வேறு வாசல் வழியாக நுழைந்துவிடும். இருவர் பொறுப்பேற்று, இயன்றவர் இயன்றதைத் தனியே கொடுக்க, பொருளை வகுப்பின் பெயரால் ஒப்படைக்கலாம். பள்ளிவாசல் மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரரின் பெயரை எழுதிப் பழகிவிட்ட நமக்கு இது சற்றுக் கடினமான பயிற்சிதான்.

ஆசிரியருக்கென்று தனிப்பட்ட முறையில் கொடுக்க விரும்புவோர் கல்வியாண்டு முடியும்வரை காத்திருக்கலாம். தேர்வு முடிந்து, மதிப்பெண் வெளியாகி, பிள்ளை அடுத்த வகுப்புக்குச் சென்ற பின்னர், விதிகள் இடம்தரும் அளவுக்குள் கொடுப்பது கலப்படமற்ற நன்றி. கூஃபாவில் பட்டு வணிகராக இருந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், தம் மகன் ஹம்மாத் ஃபாத்திஹா அத்தியாயத்தைக் கற்று முடித்தபோது ஆசிரியருக்குப் பெருந்தொகை ஒன்றை அன்பளிப்புச் செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்று முடித்தபோது என்பதைக் கவனியுங்கள். அந்த மகனின் பெயரே இமாமவர்களின் ஆசிரியர் ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களின் பெயர்தான்.

இனி, ஓதிக்கொடுக்கும் உஸ்தாதைப் பற்றி. நாமும் அந்தப் பணியில் இருப்பவர் என்பதால் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் எழுதாமல் விட்டால் பேச்சு முழுமையாகாது.

திண்ணைத் தோழர்களுக்குக் குர்ஆன் கற்றுக்கொடுத்த உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களுக்கு ஒருவர் வில் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைக் கடுமையாக எச்சரித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அல்லாஹ்வின் வேதத்திற்காகக் கூலி பெறுவதை அனுமதிக்கும் நபிமொழி புகாரியில் உள்ளது. இரண்டையும் ஆராய்ந்த அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் கூலி பெறுவது அனுமதிக்கப்பட்டது. ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்களும், குர்ஆன் கல்வி அற்றுப்போய்விடும் என்ற அச்சத்தால் அதை அனுமதித்தனர். ஆக, உஸ்தாதுக்குச் சம்பளம் உரிமை, ஹதிய்யா விருப்பம். முதலாவதைக் குறைத்து வைத்துவிட்டு இரண்டாவதால் ஈடுகட்டும் வழக்கம் நம் மஹல்லாக்கள் சிலவற்றில் இருக்கிறது. பெருநாளைக்கு ஒரு வேட்டி, குர்ஆன் தமாமுக்கு ஒரு சட்டைத்துணி, மாதச் சம்பளமோ பத்தாம் தேதி வரை பாக்கி. உழைப்பவரின் கூலியை அவருடைய வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இது அழகன்று.

ஜூன் மாதத்தில் உஸ்தாதின் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறக்கிறது. அவர்களுக்கும் கட்டணமும் புத்தகப்பையும் உண்டு. ஜமாஅத் நிர்வாகம் அந்த மாதச் சம்பளத்தை முதல் தேதியிலேயே கொடுத்துவிடுவதைக் காட்டிலும் பயனுள்ள அன்பளிப்பு நமக்குத் தோன்றவில்லை. அதற்கு மேலும் செய்ய விரும்புவோர் மக்தபைச் சுற்றி ஒருமுறை பார்க்கட்டும். கால் ஒடிந்த ரேஹால்கள், முதல் பக்கம் கிழிந்துபோன அம்ம ஜுஸ்உகள், ஓரம் பிரிந்த பாய்கள் கண்ணில் படும். நம் சமுதாயக் கைகளே நெய்கிற பத்தமடைக் கோரைப்பாய் நான்கு வாங்கிப் போட்டால் பிள்ளைகள் அமர்ந்து ஓதுவார்கள். நாள்தோறும் உரக்க ஓதிக்கொடுத்துத் தொண்டை வறண்ட உஸ்தாதுக்கு ஒரு வெந்நீர்க் குடுவையும் நல்ல துணைதான்.

கொடுக்க எதுவுமே இல்லாதவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. நன்மை செய்தவருக்கு ஈடுசெய்ய இயலாவிட்டால், ஈடுசெய்துவிட்டோம் என்று உள்ளம் அமைதியடையும் வரை அவருக்காகத் துஆ செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தம் ஆசிரியரின் மறைவுக்குப் பின் ஒவ்வொரு தொழுகையிலும் பெற்றோருடன் சேர்த்து அவருக்காகவும் பாவமன்னிப்புத் தேடியதாகக் கூறுவார்கள். பிள்ளைகளுக்கு இதை இன்றே பழக்கலாம். மஃரிப் தொழுத பின் கையேந்தும்போது, பள்ளிக்கூடத்து ஆசிரியர் பெயரையும் மக்தப் உஸ்தாதின் பெயரையும் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர் எந்தச் சமயத்தவராயினும் அவருக்கு நலமும் நேர்வழியும் வேண்டலாம்.

பிள்ளை தன் கையால் நான்கு வரி எழுதிக் கொடுக்கலாம், எழுத்துப் பிழைகளோடேயே. பெற்றோர் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டாம்.