திரையை இழுத்தவர்கள் யார்?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது கல்லூரித் தம்பி ஒருவர் கைபேசியை நீட்டினார். "ஹஜ்ரத், அமெரிக்காவுல நம்ம பிள்ளைங்க ஒரு அசிங்கமான ஓவியக் கண்காட்சியை இழுத்து மூட வச்சிருக்காங்க. அடுத்த வாரம் பயான்ல சொல்லுங்க" என்றார். 2023-ல் நடந்த பழைய செய்தி அது. யாரோ வெட்டி ஒட்டி, பின்னணியில் தக்பீர் முழக்கத்தையும் சேர்த்து மறுபடி சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். "சொல்ல மாட்டேன்" என்றேன். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. அந்த முகத்துக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைத் தெரிந்து கொள்ளுங்கள். மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரில் மெக்காலஸ்டர் என்றொரு கல்லூரி இருக்கிறது. அதன் கலைக்கூடத்தில் 2023 ஜனவரி இறுதியில் தராவத் தாலிபசந்த் என்ற பெண் ஓவியரின் கண்காட்சி திறக்கப்பட்டது. ஈரானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர் அவர். ஈரானிய ஆட்சியாளர்கள் பெண்களை ஒடுக்குவதை எதிர்ப்பதே தன் நோக்கம் என்கிறார். எதிர்க்கட்டும்! ஆனால் அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழியைப் பாருங்கள். நிகாப் அணிந்த பெண் ஒருத்தி அங்கியைத் தூக்கி, உள்ளாடை தெரிய, ஆபாசமாக விரலைக் காட்டி நிற்கிறாள். முகத்தை மூடிவிட்டு மார்பை மிகைப்படுத்தி வடித்த பீங்கான் உருவங்கள் வேறு. படத்தின் தலைப்பு 'இறைநிந்தனை'. இதற்கு மேல் விவரிக்க என் பேனா கூசுகிறது.

அங்கு படிக்கும் முஸ்லிம் மாணவிகள் கொதித்தார்கள். மனு எழுதிக் கையெழுத்து திரட்டினார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் நிர்வாகம் கலைக்கூடத்தைச் சில நாட்கள் மூடியது. கறுப்புத் திரை போட்டு மறைத்தது. பிறகு எச்சரிக்கைப் பலகை வைத்து, வழியில் போகிறவர் கண்ணில் படாதபடி கண்ணாடியையும் மங்கலாக்கித் திறந்தது. தன் ஓவியத்துக்கே முக்காடு போட்டுவிட்டார்கள் என்று அந்தப் பெண்மணி குமுறினார்.

சகோதரர்களே! அந்தப் பிள்ளைகளின் வேதனையை நான் ஒரு போதும் குறைத்துப் பேச மாட்டேன். அமெரிக்காவிலேயே சோமாலிய முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் மாநிலம் மினசோட்டா. உள்நாட்டுப் போரில் வீடிழந்து ஓடி வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். பேருந்திலும் கடைத்தெருவிலும் தலைத்துணிக்காக முறைப்பையும் ஏச்சையும் வாங்குகிற பெண், படிக்கப் போன இடத்திலும் அதே துணியைக் கேலிப் பொருளாகப் பார்த்தால் நெஞ்சு எரியாதா?

ஓவியரிடம் ஒன்று கேட்கிறேன். ஈரானின் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தலைமுடியை மறைப்பதை. நிகாபை அல்ல. முகத்திரை அங்கே சட்டமே இல்லை. டெஹ்ரானின் அதிகாரியை அடிக்கப் புறப்பட்டவர், அந்த அதிகாரி யார் மீதும் திணிக்காத உடையை ஏன் எடுத்தார்? மேற்கத்தியக் கண்ணுக்கு நிகாப் என்றால் உடனே புரிந்துவிடும் என்பதால்தானே! அடி விழுந்தது டெஹ்ரானில் அல்ல. தன் விருப்பத்தால் அதை அணிந்து செயின்ட் பால் தெருவில் நடக்கும் ஏழை அகதி வீட்டுப் பெண் மீது விழுந்தது. இதற்குப் பெயர் பெண்ணியமா?

இப்படிக் கேட்க நமக்கு வாய் வேண்டும் என்றால், இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1936-ல் ஈரான் மன்னர் ரிஸா ஷா பர்தாவைத் தடை செய்தார். தெருவில் போலீஸ்காரர்கள் பெண்களின் துணியைப் பறித்தார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு வந்தவர்கள் அதே தெருவில் அதே பெண்களைத் துணியைப் போடச் சொல்லி விரட்டினார்கள். 2022 செப்டம்பரில் மஹ்ஸா அமினி என்ற 22 வயதுப் பெண், தலைத்துணி சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் இருந்தபோதே மயங்கி விழுந்து மூன்றாம் நாள் மரணமடைந்தார். அப்போது நம் மேடைகளில் எத்தனை மேடை வாய் திறந்தது? மார்க்கத்தில் கட்டாயம் கிடையாது என்று மாற்று மதத்தவரிடம் மணிக்கணக்கில் விளக்குகிறோமே, அந்த விளக்கம் அன்று எங்கே போயிற்று? நாம் பேசாமல் விட்ட இடத்தில்தான் இப்படிப்பட்ட ஓவியர்கள் வந்து உட்கார்கிறார்கள்.

மரியாதையா, பயமா?

இனி கல்லூரி நிர்வாகத்துக்கு வருவோம். நம் தம்பி, "அவங்க நம்மள மதிச்சு மூடிட்டாங்க" என்கிறார். மதித்தார்களா? மெக்காலஸ்டரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அதே ஊரில் ஹாம்லின் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 2022 அக்டோபரில் கலை வரலாற்று ஆசிரியை ஒருவர், நபி (ஸல்) அவர்களுக்கு ஜிப்ரீல் (அலை) வஹீ கொண்டு வருவதாக வரையப்பட்ட 14-ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றை வகுப்பில் காட்டினார். உருவப்படம் கூடாது என்பதே நம் ஆலிம்களின் பெரும்பான்மைக் கருத்து. என் நிலையும் அதுவே. ஆனால் அந்தப் படம் எதிரி வரைந்த கேலிச்சித்திரம் அல்ல. பாரசீக மண்ணில் முஸ்லிம் அரசவையின் ரஷீதுத்தீன் தொகுத்த 'ஜாமிஉத் தவாரீக்' வரலாற்று நூலில் உள்ளது. ஆசிரியை பாடத்திட்டத்திலேயே முன்கூட்டி எச்சரித்திருந்தார். வகுப்பிலும், பார்க்க விரும்பாதவர் விலகிக் கொள்ளலாம் என்றார். ஒரு மாணவி புகார் செய்தார். நிர்வாகம் அதை இஸ்லாமிய வெறுப்பு என்று அறிவித்தது. தற்காலிக ஆசிரியையான அவருக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு தரவில்லை.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அமெரிக்க முஸ்லிம் அமைப்புகளே எழுந்து, இதில் வெறுப்பு இல்லை என்று சொல்லின. எம்பாக் அமைப்பு ஆசிரியைக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. கேர் அமைப்பின் மினசோட்டா கிளை மாணவியின் பக்கம் நின்றது; தேசியத் தலைமையோ வெறுப்பு நோக்கத்துக்கு ஆதாரம் காணவில்லை என்று அறிவித்தது. ஆசிரியை வழக்குப் போட்டார். அடுத்த கணமே நிர்வாகம் குட்டிக்கரணம் அடித்தது! வெறுப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தியது தவறு என்றது. ஆசிரியர் பேரவை 71-க்கு 12 என்ற வாக்கில் தலைவரையே விலகச் சொன்னது. புகார் வந்தால் ஒரு பக்கம் சாய்வார்கள், வழக்கு வந்தால் மறு பக்கம் சாய்வார்கள். இதற்குப் பெயர் மரியாதையா? கல்லூரியின் பெயருக்கும் பணத்துக்கும் வந்த பயம் இது. இடையில் பலியானவர்கள் ஒரு தற்காலிக ஆசிரியையும், ஊர் உலகமெல்லாம் ஏசிய ஒரு முஸ்லிம் மாணவியும்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? இறைவசனங்கள் கேலி செய்யப்படும் சபையில் உட்காராதீர்கள், பேச்சு மாறும் வரை எழுந்து சென்றுவிடுங்கள் என்று சூரா அன்னிஸா கட்டளையிடுகிறது. எழுந்து செல்லச் சொல்கிறது. சபைக்குப் பூட்டுப் போடும்படி ஆட்சியாளனிடம் மனுக் கொடுக்கச் சொல்லவில்லை. குறைஷிகள் நபி (ஸல்) அவர்களின் பெயரைத் திரித்து 'முதம்மம்' என்று ஏசினார்கள். அவர்கள் யாரோ முதம்மமை ஏசுகிறார்கள், நான் முஹம்மது அல்லவா என்று அண்ணலார் கடந்து போன செய்தி புகாரியில் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை வையுங்கள், மங்கல் கண்ணாடி போடுங்கள் என்று அந்த மாணவிகள் கேட்டது முழுக்க நியாயம். எழுந்து செல்லும் உரிமை என்பது அதுதான். பக்கத்து அறையைக் கேட்டு வாங்கி, நிகாப் அணிந்தவர்களே தங்கள் கதையைச் சொல்லியிருந்தால் அது இன்னும் பெரிய பதிலாக இருந்திருக்கும். கதவை மூடச் சொன்ன இடத்தில்தான் இடறினார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? அந்தக் கறுப்புத் திரை மடித்து வைக்கப்படவில்லை. அதே 2023 டிசம்பரில் இண்டியானா பல்கலைக்கழகம் அதை எடுத்து விரித்தது. சாமியா ஹலபி, 1936-ல் ஜெருசலத்தில் பிறந்தவர், பலஸ்தீனப் பெண் ஓவியர், அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அவருடைய வாழ்நாள் ஓவியங்களின் கண்காட்சி 2024 பிப்ரவரியில் திறப்பதாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் தயாரான கண்காட்சி. அவர் வரைவது வண்ணங்களும் வடிவங்களும்தான். யாரையும் ஏசும் படம் எதுவும் கிடையாது. ஆனால் காஸாவில் குண்டு விழுவதைக் கண்டு வாய் திறந்தார். பாதுகாப்புக் கவலை என்று ஒரு வரி சொல்லிக் கண்காட்சியையே ரத்து செய்துவிட்டார்கள்! 87 வயது மூதாட்டிக்கு அவர் படித்த கல்லூரி செய்த மரியாதை இது. பிப்ரவரியில் திரை போட்டதற்குக் கை தட்டியவர், டிசம்பரில் எந்த வாயால் அநீதி என்று கூவுவார்?

அமெரிக்காவை விடுங்கள். 2022 பிப்ரவரி 5-ல் கர்நாடக அரசு போட்ட ஆணை நினைவிருக்கிறதா? சமத்துவத்தையும் பொது ஒழுங்கையும் குலைக்கும் உடை கல்லூரியில் கூடாது என்றது. காவித் துண்டு போட்டவர்கள் எங்கள் மனம் புண்படுகிறது என்று கத்தினார்கள். உடுப்பியில் நம் பெண் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஹுசைன் அவர்களின் கதையும் நமக்குத் தெரியும். தேவியர் ஓவியங்களால் மனம் புண்பட்டது என்று வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2008-ல் வழக்குகளைத் தள்ளுபடி செய்தும் அவரால் திரும்பி வர முடியவில்லை. 2011-ல் லண்டனில் மண்ணானார். மனம் புண்பட்டது என்ற ஒரே வார்த்தைக்காகக் கதவு மூடப்படும் நாட்டில், கூட்டம் பெருத்தவனின் மனம்தான் தினமும் புண்படும். நூற்றுக்குப் பதினான்கு பேராக இருக்கும் நாம் இதை மறக்கலாமா?

தம்பியிடம் சாமியா ஹலபியின் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா என்றேன். இல்லை என்றார். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் எவருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வெள்ளி பயானில் அவரைப் பற்றித்தான் பேசினேன். தம்பி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைபேசியைப் பையில் வைத்திருந்தார்.